இரும்புக்குள் ஓர் இளவரசன் – வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழின் நடுப்பக்கத்தில், வெனிஸ் நகரத்து ஓவியர் டிஷியன் 1551 இல் தீட்டிய, கவசம் அணிந்த ஸ்பானிய இளவரசன் பிலிப்பின் முழுவுருவ ஓவியத்தை வெளியிட்டிருந்தோம். பின்னாளில் இரண்டாம் பிலிப் என்ற பெயரில் ஸ்பெயினை ஆண்டவன் இவன். அந்த ஒரு படத்தைப் பற்றி வந்த கடிதங்களிலிருந்து சில கேள்விகளை இம்முறை எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: படத்தில் நிற்கும் இளைஞன் எந்தப் போரில் வென்றான்? இடுப்புக்கு மேலே முழுவதும் இரும்பு. கீழே வெள்ளைக் காலுறையும் மெல்லிய பாதணியும். இப்படி யாராவது போருக்குப் போவார்களா? இது ஓவியரின் தவறா, அக்கால வழக்கமா?
– வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: இந்த ஓவியத்துக்காக நின்றபோது பிலிப் எந்தப் போரிலும் படை நடத்தியிருக்கவில்லை. 1527 மே 21 ஆம் திகதி பிறந்த அவனுக்கு அப்போது 24 வயது நிறையும் தறுவாய். போரில் வென்றவர் அவனுடைய தந்தை, புனித ரோமப் பேரரசர் ஐந்தாம் சார்ள்ஸ். 1547 ஏப்ரலில் ஜேர்மனியின் முல்பெர்க் களத்தில் அவர் புரட்டஸ்தாந்து இளவரசர்களை முறியடித்தார். மறு ஆண்டே டிஷியன் அந்த வெற்றியை, கையில் ஈட்டியுடன் அந்தி வானத்தின் கீழ்க் குதிரைமீது தனியே செல்லும் பேரரசராகத் தீட்டினார். மகனைத் தீட்டும்போது அவர் குதிரையையும் களத்தையும் விட்டுவிட்டார். ஓர் அறை, சிவப்பு வெல்வெட் விரித்த ஒரு மேசை, பின்னால் ஒரு தூணின் அடிப்பகுதி, இவ்வளவுதான் இளவரசனுக்குக் கிடைத்தன.

அப்படியிருக்க அவனுக்குக் கவசம் ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, அந்த மாதங்களில் அவன் எங்கே, எதற்காக இருந்தான் என்று பார்க்க வேண்டும். 1548 இன் பிற்பகுதியில் ஸ்பெயினை விட்டுப் புறப்பட்ட பிலிப், இத்தாலி, ஜேர்மனி, தாழ்நாடுகள் (இன்றைய நெதர்லாந்து, பெல்ஜியப் பகுதிகள்) என்று தந்தையின் ஆட்சிப்பரப்பெங்கும் அழைத்துச் செல்லப்பட்டான். நாளை தங்களை ஆளப்போகிறவனின் முகத்தை மக்களும் பிரபுக்களும் நேரில் பார்த்துவிட வேண்டும் என்பதே அந்தப் பயணத்தின் நோக்கம். பயணத்தின் கடைசிக் கட்டத்தில், 1550–51 குளிர்காலத்தில், குடும்பம் முழுவதும் ஜேர்மனியின் ஒக்ஸ்பேர்க் நகரில் கூடியிருந்தது. தமக்குப் பின் தம்பி பெர்டினாண்டும் அவருக்குப் பின் தம் மகன் பிலிப்பும் பேரரசுப் பதவிக்கு வர வேண்டும் என்று சார்ள்ஸ் விரும்பினார். சித்தப்பா பெர்டினாண்டுக்கோ தம் சொந்த மகன் மக்ஸிமிலியன் மேல் நாட்டம். கடும் மனத்தாங்கலுக்குப் பிறகு 1551 மார்ச்சில் சார்ள்ஸின் விருப்பப்படி ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. ஆனால் ஜேர்மன் மொழி அறியாத, கலகலப்பாகப் பழகத் தெரியாத இந்த ஸ்பானிய இளைஞனை, பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் ஜேர்மன் இளவரசர்கள் விரும்பவில்லை. அந்தப் பதவி கடைசிவரை அவனுக்குக் கிடைக்கவும் இல்லை. உடன்படிக்கை பற்றிய பேச்சு நடந்துகொண்டிருந்த அதே நகரில், அதே காலத்தில் இந்த ஓவியம் உருவானது. முல்பெர்க்கில் வென்றவரின் வாரிசு நான்தான் என்று, வாயால் சொல்லி நம்பவைக்க முடியாத ஒன்றை, அந்த இரும்பு அவனுக்காகச் சொல்கிறது.

இனிக் காலுறைக்கு வருவோம். அக்காலத்து உயர்ந்த கவசங்கள் ஒரு தொகுதியாகச் செய்யப்பட்டன. களத்துக்கு ஒரு விதமாகவும் கேளிக்கைப் போட்டிக்கு வேறு விதமாகவும், துண்டுகளைச் சேர்த்தும் நீக்கியும் அணிவார்கள். பிலிப் மார்பு, தோள், கை, தொடையின் மேற்பகுதி ஆகியவற்றுக்கான தகடுகளை மட்டும் அணிந்து, கீழே அரசவைக்குரிய பட்டுக் காலுறையோடு நிற்கிறான். ஆகவே ஓவியர் தவறு செய்யவில்லை. ஒரே உடலில் படைத்தலைவனையும் அரசவை இளவரசனையும் காட்டும் உடை அது. ஒரு கை மேசைமேல் வைத்த தலைக்கவசத்தின் மீதும், மறு கை வாளின் பிடியிலும் இருக்கின்றன. தலைக்கவசத்தை அணிந்தால் முகம் மறைந்துவிடும். விட்டுவிட்டால் வீரம் குறைந்துவிடும். அதன்மேல் கையை ஊன்றி நிற்கச் செய்ததால் இரண்டும் காப்பாற்றப்பட்டன.

நான் டிஷியனை மிகவும் மதிக்கும் இடம் முகம். வெளிறிய தோல், முன்தள்ளிய கீழ்த்தாடை, இன்னும் அடர்ந்து வளராத தாடி, நம்மைப் பார்த்தாலும் நம்மிடம் நெருங்காத கண்கள். இவற்றில் எதையும் அவர் வீரனுடைய முகமாக மாற்றவில்லை. கவசத்தின் கனத்துக்கு நடுவே ஓர் இளைஞனின் தயக்கத்தை அப்படியே விட்டுவைத்திருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. 1557 ஓகஸ்டில், பிரான்சுக்கு எதிரான சென் குவென்டின் போரை அவனுடைய தளபதிகள் வென்றார்கள். பிலிப் பாசறைக்கு வந்துசேர்ந்தபோது பெரும் மோதல் முடிந்துவிட்டிருந்தது. ஆயினும் அந்தப் போரின் நினைவாக அவனை மீண்டும் கவசத்தில் தீட்டினார் அந்தோனிஸ் மோர் என்ற இன்னோர் ஓவியர். அந்தப் படத்தில் இந்தத் தயக்கம் இல்லை, இந்த உயிரும் இல்லை.

கேள்வி: க.பொ.த. உயர்தரத்தில் சித்திரம் படிக்கிறேன். கவசத்தின் மினுக்கம் எப்படி வருகிறது? நான் இரும்புக்குச் சாம்பல் நிறம் பூசினால் அது சாம்பலாகவே நிற்கிறது. வெள்ளை சேர்த்தால் சுண்ணாம்பு பூசியது போலாகிவிடுகிறது.
– மாணவர் ஒருவர், கொட்டாஞ்சேனை

பதில்: மெருகேற்றிய இரும்புக்கென்று தனி நிறம் ஏறத்தாழ இல்லை. சுற்றியிருப்பதை வாங்கித் திருப்பிக் காட்டுவதே அதன் இயல்பு. நீங்கள் இரும்பின் நிறத்தைத் தேடுகிறீர்கள். ஓவியர் அந்த அறையின் வெளிச்சத்தையும் இருட்டையும் இரும்பின் வளைவுகளில் வைத்துத் தீட்டுகிறார். படத்தை மறுபடி எடுத்து, மார்புத் தகட்டை மட்டும் தாளால் சட்டமிட்டுப் பாருங்கள். பெரும்பகுதி கறுப்பு. அதற்குள் ஆழ்ந்த பழுப்பும் நீலச்சாயல் கொண்ட சாம்பலும் மெதுவாகக் கலக்கின்றன. உண்மையான வெள்ளை மிகமிகக் குறைந்த இடத்தில், தகடு வெளிச்சத்தை நோக்கித் திரும்பும் வளைவில் மட்டும், தடித்த தூரிகைத் தீற்றலாக நிற்கிறது. அந்தத் தீற்றலின் பக்கத்திலேயே நல்ல கறுப்பு இருப்பதால்தான் அது ஒளியாகத் தெரிகிறது. சுண்ணாம்பு போலாகும் உங்கள் சிக்கலுக்கும் காரணம் இதுதான்: வெள்ளையை எங்கும் பரப்பி, கறுப்பைப் போதிய அளவு வைக்கத் தயங்குகிறீர்கள்.

அடுத்து, கவசத்தில் நெடுக இறங்கும் பொன்பட்டைகளைப் பாருங்கள். உண்மையான கவசத்தில் அவற்றில் நுணுக்கமான பூ வேலைப்பாடு உண்டு. டிஷியன் ஒரு பூவையும் முழுதாக வரையவில்லை. மஞ்சளும் காவியும் கலந்த சிறு புள்ளிகளையும் வளைந்த சிறு கோடுகளையும் விட்டுவிட்டுத் தொட்டிருக்கிறார். சில அடி தள்ளி நின்றால் கண் அவற்றைச் சேர்த்துப் பூ வேலையாக எடுத்துக்கொள்கிறது. அருகே போனால் அது வெறும் வர்ணமாகப் பிரிந்துவிடுகிறது.

இதை அந்தக் காலத்திலேயே ஒரு பெண் தெளிவாக எழுதி வைத்திருக்கிறாள். சார்ள்ஸின் தங்கையும் பிலிப்பின் அத்தையுமான ஹங்கேரியின் மேரி, 1553 நவம்பரில், இங்கிலாந்து அரசி மேரி டியூடருக்குக் காட்டுவதற்காக டிஷியன் தீட்டிய பிலிப்பின் உருவப்படம் ஒன்றை லண்டனுக்கு அனுப்பினாள். திருமணப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது. படத்தைத் தகுந்த வெளிச்சத்தில் வைத்து, தள்ளி நின்று பார்க்க வேண்டும் என்றும், டிஷியனின் படங்கள் எல்லாமே அப்படித்தான், கிட்டப் போனால் ஆளை அடையாளம் காண முடியாது என்றும் அங்கிருந்த தூதருக்கு எழுதினாள். உயிருள்ள மாப்பிள்ளை வந்துசேர்ந்ததும் படத்தைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்பதும் அந்தக் கடிதத்திலேயே இருக்கிறது. மறு ஆண்டு ஜூலை 25 இல் வின்செஸ்டரில் திருமணம் நடந்தது. மணமகளின் தாயும் மாப்பிள்ளையின் தந்தையைப் பெற்றவளும் உடன்பிறந்த சகோதரிகள். நம் உறவுமுறையில் அவளும் அவனுக்கு அத்தையே.

பயிற்சிக்கு ஒன்று சொல்கிறேன். வீட்டிலுள்ள எவர்சில்வர் செம்பு ஒன்றைச் சிவப்புத் துணியின்மேல், ஒரே ஒரு ஜன்னல் வெளிச்சத்தில் வையுங்கள். மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். செம்பில் எந்த இடத்தில் துணியின் சிவப்பு ஏறியிருக்கிறது, எங்கே உங்கள் சட்டையின் நிறம் தெரிகிறது, எங்கே முற்றிலும் கறுப்பு என்று முதலில் பென்சிலால் எல்லை கட்டிக்கொள்ளுங்கள். கறுப்பை முதலிலும் வெள்ளையைக் கடைசியிலும் வையுங்கள். வெள்ளை வைத்த இடத்தை மறுபடி தேய்க்காதீர்கள்.

கேள்வி: அரசவை ஓவியர் என்றால் அரண்மனையில் சம்பளத்துக்கு இருந்து, அரசன் சொன்னபடி வரைபவர்தானே? அவருடைய படத்தில் உண்மை எவ்வளவு இருக்க முடியும்?
– வாசகர் ஒருவர், தெஹிவளை

பதில்: டிஷியன் வாழ்ந்தது கடைசிவரை வெனிஸில்தான். 1533 இல் சார்ள்ஸ் அவருக்குப் பிரபுப் பட்டம் அளித்துத் தம் ஓவியராக ஏற்றுக்கொண்டாலும், அழைப்பு வந்தபோது ஒக்ஸ்பேர்க் போன்ற இடங்களுக்குப் போய் வந்தாரே தவிர, அரசவையில் குடியேறவில்லை. அவருக்கு ஒதுக்கப்பட்ட உதவித்தொகைகள் காலத்துக்கு வராமல், அவற்றைக் கேட்டுக் கேட்டு அவர் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

அரசன் சொன்னபடி வரைவது பற்றி இந்த ஓவியமே ஒரு சான்று வைத்திருக்கிறது. 1551 மே மாதம் படத்தை அத்தை ஹங்கேரியின் மேரிக்கு அனுப்பும்போது, கவசம் அணிந்த தன் உருவத்தில் ஓவியரின் அவசரம் நன்றாகத் தெரிகிறது, நேரம் இருந்திருந்தால் மறுபடி செய்யச் சொல்லியிருப்பேன் என்று பிலிப் எழுதினான். நாம் இன்று வியக்கும் அந்த விடுபட்ட தீற்றல்களே அவனுக்கு அவசரமாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் அவன் டிஷியனைக் கைவிடவில்லை. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவரிடமிருந்து படங்களைக் கேட்டுப் பெற்றுக்கொண்டே இருந்தான். கேட்டவனும் கற்றுக்கொண்டான் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

நீங்கள் சொல்லும் வகை ஓவியரைப் பார்க்க விரும்பினால் புளோரன்ஸ் நகரத்து புரொன்சினோவைப் பாருங்கள். 1537 இல், முன்னிருந்த கோமகன் கொலையுண்டதால் 17 வயதில் திடீரென்று ஆட்சிக்கு வந்தவன் கோசிமோ மெடிச்சி. அவனைப் பளபளக்கும் வெள்ளிரும்புக் கவசத்தில், தலைக்கவசத்தின்மேல் கை வைத்தவனாக, 1540களின் நடுவில் புரொன்சினோ தீட்டினார். ஒவ்வோர் ஆணியும் எண்ணத்தக்க துல்லியம். முகமோ பளிங்குச் சிலை. அதே உருவத்தைப் புரொன்சினோவும் அவருடைய பட்டறையும் பிறரும் திரும்பத் திரும்பத் தீட்டி, இருபதுக்கும் மேற்பட்ட பிரதிகள் இன்று உலகமெங்கும் இருக்கின்றன. கோசிமோ போக முடியாத சபைகளுக்கெல்லாம் அவனுடைய முகம் போயிற்று.

கேள்வி: ஐரோப்பிய அரசர்களின் படங்களைப் போட்டு விளக்கம் தருகிறீர்கள். அதே காலத்தில் நம் நாட்டு அரசர்களுக்கு இப்படி உருவங்கள் இருந்தனவா? இந்தப் பிலிப்புக்கும் நமக்கும் என்ன தொடர்பு?
– வாசகர் ஒருவர், பிட்டகோட்டே

பதில்: நீங்கள் வசிக்கும் ஊரிலிருந்தே இதற்கான பதிலைத் தொடங்கலாம். கோட்டை இராச்சியத்தின் மன்னன் ஏழாம் புவனேகபாகுவுக்கு ஆண்பிள்ளை இல்லை. சீதாவாக்கையை ஆண்ட தம்பி மாயாதுன்னை அரியணைக்குக் காத்திருந்தான். மகளின் மகனான தர்மபாலனுக்கே அரசு போய்ச்சேர வேண்டும் என்று விரும்பிய புவனேகபாகு, சிறுவனைக் கடல்தாண்டி அனுப்ப முடியாததால், அவனுடைய உருவத்தைப் பொன்னில் செய்வித்து, இரத்தினம் பதித்த முடியோடு தூதுக்குழு ஒன்றிடம் கொடுத்து லிஸ்பனுக்கு அனுப்பினான். 1543 இல் போர்த்துக்கல் மன்னன் மூன்றாம் ஜோவான் அந்தப் பொற்சிலைக்கு முடிசூட்டினான். ஒக்ஸ்பேர்க்கில் பிலிப் கவசம் அணிந்து நிற்பதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, கோட்டையின் பொற்கொல்லர்கள் செய்த ஓர் இளவரசனின் உருவம், அந்த இளவரசனுக்குப் பதிலாக ஐரோப்பிய அரசவையில் நின்று முடி பெற்றிருக்கிறது. டிஷியனின் துணிச்சீலையும் புரொன்சினோவின் பிரதிகளும் செய்த வேலை இதுவேதான்: போக முடியாத உடலுக்குப் பதிலாகப் போய் நின்று, அதன் உரிமையைக் கேட்பது. இந்த வேலையில் கோட்டையின் கலைஞர்கள் எவருக்கும் பின்தங்கியவர்களாக எனக்குத் தெரியவில்லை.

அந்தக் காலத்தைச் சேர்ந்த கோட்டைத் தந்தப்பேழைகள் இரண்டு ஜேர்மனியில் மியூனிக் அரண்மனையின் கருவூலத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்றின் முகப்பில், போர்த்துக்கல் மன்னன் இளவரசனுக்கு முடிசூட்டும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. பொன்னும் மாணிக்கமும் நீலக்கல்லும் பதித்த அந்தப் பேழையில், ஐரோப்பிய உடையணிந்தவர்களையும் நம் நாட்டு உடையணிந்தவர்களையும் ஒரே உளி, இரு சாராரின் உடை மடிப்பையும் தெரிந்து செதுக்கியிருக்கிறது. நம் பாடப்புத்தகங்கள் தூதுக்குழுவைச் சொல்லி, இந்தப் பேழையைச் சொல்லாமல் விடுவது எனக்கு நெடுநாள் வருத்தம்.

யாழ்ப்பாணத்தில் அப்போது ஆண்டவன் சங்கிலி மன்னன். அங்கே அரசனின் உருவம் நாணயத்தில் உண்டு. யாழ்ப்பாண அரசர்களான ஆரியச்சக்கரவர்த்திகளின் காசுகளில் ஒரு பக்கம் நிற்கும் அரச உருவமும் மறுபக்கம் படுத்திருக்கும் நந்தியும் அதன் கீழ் சேது என்ற எழுத்தும் காணப்படுகின்றன. ஆனால் அது எந்த ஒரு தனிமனிதனின் முகச்சாயலும் இல்லை. அரசன் என்ற நிலையைக் காட்டும் வடிவம் அது. நம் பகுதிகளில் அரசாட்சியின் அடையாளத்தை முகத்தைவிட முடி, வாள், குடை, சிங்காசனம் ஆகியவையே சுமந்தன. கொழும்பு தேசிய நூதனசாலையிலுள்ள கண்டி அரசர்களின் சிங்காசனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒல்லாந்தர் 1693 இல் அன்பளிப்பாகக் கொடுத்த அதில், அடுத்தடுத்து வந்த அரசர்கள் அமர்ந்தார்கள். யார் அமர்ந்தாலும் சிங்காசனம் ஒன்றுதான்.

இனிப் பிலிப்புக்கு வருகிறேன். டிஷியன் அவனைத் தீட்டிய அதே 1551 இல், களனியில் போர்த்துக்கேயச் சிப்பாய் ஒருவனின் துப்பாக்கிக் குண்டுக்குப் புவனேகபாகு பலியானான். சிறுவன் தர்மபாலன் கோட்டையின் அரசனானான். 1557 இல் அவன் ஞானஸ்நானம் பெற்று டொம் ஜோவான் என்று பெயர் மாற்றிக்கொண்டான். மாயாதுன்னையின் நெருக்கடியால் 1565 இல் கோட்டையைக் கைவிட்டு, போர்த்துக்கேயரின் மதிலுக்குள், இந்தக் கொழும்பில், குடியேறினான். பிள்ளையில்லாத அவன் 1580 ஓகஸ்டில், தன் மரணத்துக்குப் பின் தன் அரசு போர்த்துக்கல் மன்னனைச் சேரும் என்று எழுதிக்கொடுத்தான். அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே போர்த்துக்கல்லின் அரசன் வாரிசின்றி இறந்திருந்தான். அந்த முடி சென்றது தாய்வழியில் உரிமை கோரிய ஸ்பெயினின் இரண்டாம் பிலிப்புக்கு. 1597 மே 27 இல் கொழும்பில் தர்மபாலன் இறந்தபோது, அவனுடைய சாசனப்படி கோட்டை இராச்சியத்துக்கு உரியவனாக இங்கே அறிவிக்கப்பட்டவன், நடுப்பக்கப் படத்தில் தலைக்கவசத்தின்மேல் கை வைத்து நிற்கும் அந்த இளைஞனே. அப்போது அவனுக்கு வயது 70. அடுத்த ஆண்டு செப்டெம்பரில் அவனும் இறந்தான். இந்தத் தீவை அவன் ஒருநாளும் பார்க்கவில்லை.

பொன்னால் தன் உருவம் செய்யப்பட்ட இளவரசனின் நாடு, இரும்பில் தன் உருவம் தீட்டப்பட்ட இளவரசனிடம் போனது என்பதால்தான் இந்த ஓவியத்தைக் கொழும்பில் அச்சிடும் ஓர் இதழின் நடுப்பக்கத்தில் போட விரும்பினேன்.

கேள்வி: படத்திலுள்ள கவசம் உண்மையானதா? இன்று எங்கே இருக்கிறது?
– வாசகர் ஒருவர், மட்டக்குளி

பதில்: உண்மையானதே. ஒக்ஸ்பேர்க்கின் புகழ்பெற்ற கவசக் கொல்லர் டெசிடேரியஸ் ஹெல்ம்ஷ்மிட் 1550 அளவில் பிலிப்புக்காகச் செய்த தொகுதியைச் சேர்ந்தது. முல்பெர்க் ஓவியத்தில் சார்ள்ஸ் அணிந்திருக்கும் கவசமும் அவருடைய கைவேலைதான். இரண்டும் மட்ரிட் அரண்மனையின் ஆயுதசாலையில் இருக்கின்றன. ஓவியங்கள் இரண்டும் அதே நகரத்துப் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பிலிப்பின் ஓவியம் 193 சென்ரிமீற்றர் உயரமும் 111 சென்ரிமீற்றர் அகலமும் கொண்டது, ஆகவே அதன்முன் நிற்பவர் ஏறத்தாழ ஆளளவு உருவத்தையே பார்க்கிறார். 2010 இல் பிராடோவில், அரச கவசங்களையும் அவற்றை அணிந்தவர்களின் ஓவியங்களையும் ஒன்றாக வைத்து ஒரு கண்காட்சி நடத்தினார்கள். ஸ்பெயினுக்குப் போகும் வாய்ப்புள்ளவர்கள் ஓவியத்தைப் பார்த்த அதே நாளில் ஆயுதசாலைக்கும் போய்வர வேண்டும். டிஷியன் எந்தப் பூவை விட்டுவிட்டார், எந்தப் பட்டையைத் தொட்டார் என்று நினைவு மங்குவதற்குள் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.